நீரிழிவு: சொற்பிழையும் பொருட்பிழையும்

நம் துறை மலருக்கு ஆண்டுதோறும் இலக்கியக் கட்டுரை ஒன்று எழுதித் தருவது என் வழக்கம். சிற்றிலக்கியம், இசுலாமியத் தமிழ்க் காப்பியம், உரையாசிரியர் நெறி என்று ஏதேனும் ஒரு பொருள் அமையும். இவ்வாண்டு நீரிழிவைப் பற்றி எழுத முற்பட்டிருப்பதைக் கண்டு, தமிழாசிரியனுக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன உறவு என மாணவர் சிலர் வினவக்கூடும். நோய்க்கும் தமிழுக்கும் உறவு குறைவுதான். ஆயின் அந்நோயின் பெயரால் விற்கப்படும் பொய் மருந்துகளுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பெரிது. அவ்வுறவில் எனக்கும் ஒரு சிறு பங்கு இருந்தது. அதனை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

நம் மொழியில் இந்நோய்க்குப் பெயர்கள் பல. மருத்துவ நூலார் நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும் சுட்டினர். ஈழத்தமிழர் சலரோகம் என்பர். சீனி வருத்தம் என்றும் வழங்குவர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் 'சுகர்' என்னும் ஒரு சொல்லே எல்லார்க்கும் போதுமானதாக இருக்கிறது. நீர் மிகுதியாகக் கழிதல், அந்நீர் இனித்தல் என்னும் இரு குறிகளையே பழம்பெயர்கள் உணர்த்துகின்றன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயறிந்தது இந்திய மருத்துவ மரபு. 1037ஆம் ஆண்டில் மறைந்த இப்னு சீனா, சிறுநீரின் இனிப்பையும் இந்நோயுடன் வரும் தசை அழுகலையும் தம் மருத்துவப் பெருநூலில் குறித்துச் சென்றார். ஆகவே முன்னோர் இந்நோயை அறியாதவர் அல்லர். நோய் உடலின் எவ்விடத்தில் பிறக்கிறது என்பதே அவர்கட்குப் புலப்படாதிருந்தது.

நாம் உண்ணும் உணவு சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. அதனை உயிரணுக்களுக்குள் செலுத்தும் பணியைச் செய்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். குழந்தைகளையும் இளைஞரையும் பெரிதும் தாக்கும் முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துபோகின்றன. இவர்கட்கு ஊசிவழி இன்சுலின் இன்றி வாழ்வில்லை. நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகையிலோ இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. வெறும் வயிற்றில் எடுத்த குருதியில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் அது நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையில் 6.5 விழுக்காடு எல்லைக்கோடு.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. பல்வலி வந்தவன் இரவே மருத்துவரைத் தேடுகிறான். சர்க்கரை 250 இருப்பவனோ காலையில் எழுந்து ஆவடி ரயிலைப் பிடித்து வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகிறான். அவனுக்கு எதுவும் வலிப்பதில்லை. வலிக்காத ஆண்டுகளிலேதான் கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் சிறிது சிறிதாகக் கெடுகின்றன. வலி இல்லாத நோய்க்குப் பொய் மருந்து விற்பது எளிது. மருந்து வேலை செய்யவில்லை என்று நோயாளியின் உடல் உடனே முறையிடாதன்றோ!

இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஆய்வு 2023இல் அறிவித்தது. அவ்வாய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினர் இந்நோயினர். அதாவது ஏழு பேருக்கு ஒருவர். இத்துணைப் பெரிய சந்தையை வணிகர் விட்டுவைப்பரோ?

மெய் மருத்துவம் இந்நோய்க்குச் செய்திருப்பதையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1921ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் சாவின் வாயிலில் கிடந்த லியோனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது, சிறுவன் பிழைத்தான். அதற்கான காப்புரிமையைக் கண்டறிந்தவர்கள் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டனர் என்பது என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் செய்தி. சென்னையிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு கண்ட மருத்துவர் மு. விசுவநாதன், 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் நிறுவினார்.

இன்று நம் வீடுகளில் மிகுதியாக வழங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பிறப்பு பலர் அறியாதது. ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் வழங்கிய கலேகா என்னும் ஊதாப்பூச் செடியில் இருந்த பொருளை ஆராய்ந்ததன் வழிவந்ததே அது. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டேர்ன் அதை நீரிழிவாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டு வெளியிட்டார். ஆகவே 'மாத்திரை என்பது இரசாயனம். மூலிகை என்பது இயற்கை' என்று பிரித்துப் பேசுவோர் இச்செய்தியை நோக்குதல் வேண்டும். சோதித்தறிந்த மருந்து, சோதித்தறியாத மருந்து என்னும் பிரிவே பொருளுடைய பிரிவு. பிரித்தானியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தோரிடம் கண், சிறுநீரகக் கேடுகள் தெளிவாகக் குறைந்தன என்று காட்டிற்று. 'கட்டுப்படுத்துதல்' என்னும் கவர்ச்சியற்ற சொல்லுக்குப் பின்னே இத்தனை பேரின் கண்களும் சிறுநீரகங்களும் இருக்கின்றன.

இனி என் பங்கிற்கு வருகிறேன்.

என் தாய்மாமா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பதாண்டுகளுக்கு மேல் லேத் பட்டறைகளில் உழைத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும் தமிழ்மீது தீராத பற்றுடையவர். நான் இளங்கலைத் தமிழில் சேர்ந்தபோது உறவினர் பலர் முகம் சுளித்தனர். முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டியவர் அவரே. ஐம்பது வயதில் அவருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டது. அரசு மருத்துவமனை மாத்திரையில் நோய் ஓரளவு கட்டுக்குள் இருந்தது.

ஒருநாள் அவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். நாளிதழுக்குள் மடித்து வைக்கப்பட்டு வந்த துண்டறிக்கை ஒன்றை எடுத்துக் காட்டினார். "மருமவனே, எவ்வளவு அழகான தமிழ் பாரு! மாத்திரைகளுக்கு விடைகொடுக்கலாம்னு எழுதியிருக்கான். இப்படி எழுதுறவன் பொய் சொல்லுவானா?" என்றார்.

அத்தொடர் என்னுடையது.

அதற்கு ஓராண்டுக்கு முன் அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் ஒரு மெய்ப்புத் தாளுடன் என்னைத் தேடி வந்தார். "ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள் சார்" என்றார். பத்து நிமிட வேலை. வல்லினம் மிகவேண்டிய இடங்களில் மிகுவித்தேன். "சுகர் மாத்திரையை ஸ்டாப் பண்ணிவிடலாம்" என்றிருந்ததை "மாத்திரைகளுக்கு விடைகொடுக்கலாம்" என்று மாற்றினேன். பிறமொழிச் சொல்லைக் களைந்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு. "மருந்து வேலை செய்யும் காலத்தில் சர்க்கரை அளவு கூடிக் காட்டும்; அஞ்ச வேண்டா" என்றொரு வாக்கியமும் அதில் இருந்தது. அதில் விடுபட்டிருந்த அரைப்புள்ளியை இட்டவனும் நானே. அவ்வாக்கியம் உண்மையா என்று ஒரு கணமும் எண்ணினேன் அல்லேன். பாட்டில் சொற்பிழையைப் பொறுக்கலாம், பொருட்பிழையைப் பொறுக்கலாகாது என்று வகுப்பில் நக்கீரர் கதை நடத்துகிறவன் நான்.

மாமாவின் கையில் அத்தாளைக் கண்டபோதேனும் வாய் திறந்திருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. "விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள் மாமா" என்று மட்டும் சொல்லி விடைபெற்றேன்.

ஏழு மாதங்கள் அவர் மாத்திரையைத் தொடவில்லை. ஒரு மண்டலத்திற்கு நான்காயிரம் ரூபாய் வீதம் பொடி வாங்கினார். சோதனையும் செய்யவில்லை, அளவு கூடிக் காட்டும் என்றுதான் தாளிலேயே எழுதியிருந்ததே. ஒருநாள் பட்டறையிலிருந்து திரும்பியவரின் இடது உள்ளங்காலில் இரும்புப் பிசிறு ஒன்று தைத்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. நாள்தோறும் ஐந்து வேளை ஒளுச் செய்யும்போது அக்காலைக் கழுவியிருக்கிறார், அப்போதும் தெரியவில்லை. நரம்பு உணர்விழந்த கால் அது. நான்காம் நாள், தொழுகை விரிப்பில் படிந்திருந்த கறையை மாமிதான் கண்டார். மருத்துவமனையில் சேர்த்தபோது சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. மூன்று விரல்களை எடுத்துவிட்டனர்.

கட்டுப் பிரித்த நாளில் அவர் கட்டிலருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "நீ எழுத்தத்தானே திருத்துன. தின்னது நான்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் மருமவனே" என்றார்.

அதன்பின் இத்தகைய விளம்பரங்களை ஒரு மொழியாசிரியனுக்குரிய கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். ஆவடிக்கும் சென்ட்ரலுக்கும் இடையே ஓடும் மின்வண்டிகளின் பெட்டிச் சுவர்களிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கம்பங்களிலும், இப்போது வாட்ஸ்அப் செய்திகளிலும் அவை வருகின்றன. அவற்றின் நடை ஏறத்தாழ ஒன்றே. முதலில் அச்சம்; கால் இழந்தோர், கண் இழந்தோர் படம். அடுத்துப் பழம்பெருமை, சித்தர் அருளியது, ஓலைச்சுவடியில் கண்டது. எந்தச் சித்தர், எந்தச் சுவடி, எந்த நூலகம் என்றால் விடையிராது. பிறகு 'நிரந்தரத் தீர்வு', 'பக்கவிளைவு அற்றது', 'எல்லா வயதினர்க்கும் ஏற்றது' என்னும் தொடர்கள். நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் பார்த்தே மருத்துவம் செய்க என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என்று மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். துண்டறிக்கையோ மருந்தை மட்டும் விற்று மற்ற மூன்றையும் துரத்திவிடுகிறது. நோயாளியை அது பார்ப்பதில்லை. மருத்துவரிடம் போகாதே என்கிறது. வீட்டார் ஐயம் எழுப்பினால் நம்பிக்கையற்றவர் என்று வாயடைக்கச் செய்கிறது. பொடியில் என்ன இருந்தது என்பதைவிட, பொடியின் பொருட்டு எதனை நிறுத்தினார் என்பதே மாமாவின் விரல்களைக் கொண்டுபோயிற்று. முதல் வகை நீரிழிவுடைய குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்லும் ஒரு வாக்கியம் சில நாட்களிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

பொடியில் உள்ளதும் சிறிய கேள்வி அன்று. சில 'மூலிகை' மருந்துகளில், விற்பவர் பழித்துரைக்கும் ஆங்கில மருந்தே மறைவாகக் கலக்கப்பட்டிருக்கும். 2008ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் சிங்கப்பூர் மருத்துவமனைகளில், நீரிழிவே இல்லாத ஆடவர் பலர் குருதிச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கிய நிலையில் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 150 பேர், நால்வர் இறந்தனர். ஆண்மை பெருக்கும் எனச் சொல்லி விற்கப்பட்ட மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை மாத்திரையின் சரக்குப் பேரளவில் கலந்திருந்ததே காரணம். 'சாப்பிட்ட மூன்றாம் நாளே சர்க்கரை இறங்கிவிட்டது' என்று ஒருவர் வியக்கும்போது, அவ்வியப்பிற்குரிய காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இவ்விளம்பரங்களைத் தடுக்கச் சட்டம் இல்லையோ எனின், உண்டு. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யலாகாது என்று அதன் அட்டவணை கூறும். நீரிழிவு அதில் இருக்கிறது. துண்டறிக்கையும் உறைமேல் அச்சும் விளம்பரமே. அச்சிடுதலும் விளம்பரத்தில் பங்கு கொள்வதே என்று அச்சட்டம் வரையறுக்கிறது. மெய்ப்புப் பார்த்தவனைப் பற்றிச் சட்டம் தனியே எதுவும் சொல்லவில்லை. அதில் எனக்கு ஆறுதல் ஏதும் இல்லை. இச்சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று யுனானி மருந்து செய்யும் ஹம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில், 1959 திசம்பரில் உச்ச நீதிமன்றம் சில பகுதிகளை நீக்கிச் சட்டத்தின் உயிர்நாடியை நிலைநிறுத்திற்று. அண்மையில் பதஞ்சலி நிறுவன விளம்பரங்களுக்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நீரிழிவு உள்ளிட்ட நோய்கள் முற்றும் தீரும் என்பது அவ்விளம்பரங்களின் கூற்று. எச்சரிக்கைக்குப் பின்னும் விளம்பரம் தொடர்ந்தமையால் 2024 பிப்பிரவரியில் நீதிமன்றம் அவமதிப்பு அறிவிப்பு விடுத்தது; ஏப்பிரலில் நிறுவனம் நாளிதழ்களில் பொது மன்னிப்புக் கேட்டது; ஆகஸ்டில் மன்னிப்பை ஏற்று அவமதிப்பு நடவடிக்கை முடிக்கப்பட்டது. சட்டம் பிறந்து எழுபதாண்டு ஆனபின் நடந்த செய்தி இது.

இவ்வாறு எழுதுவதால் நான் சித்த, யுனானி மருத்துவங்களைப் பழிக்கிறேன் என்று கொள்ளற்க. ஆவாரைக் குடிநீர் சித்த மருத்துவர் வழங்கும் முறையான மருந்து; அதனை ஆய்வு செய்வோரும் உளர். சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று பெயரிட்ட முன்னோரின் நுண்ணறிவு போற்றத்தக்கது. அவ்விலையை மென்றபின் சர்க்கரையை நாவிலிட்டால் இனிப்பே தோன்றாது. ஐயமுள்ளோர் மென்று பார்க்கலாம். வெந்தயத்தின் நார் உணவுச் சர்க்கரை குருதியில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அரும்பாக்கத்து அரசு மருத்துவமனையிலும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து மருந்து தருகின்றனர். அவர்களிடம் செல்வோர் தாம் உண்ணும் மாத்திரைகளைச் சொல்ல வேண்டும். அம்மாத்திரை தந்த மருத்துவரிடமும் சித்த மருந்தைச் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாமல் மாற்றிக்கொள்வதிலேதான் கேடு.

நம் சமுதாயத்தாருக்கும் ஒரு சொல். கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் நபிமொழியை உறையில் அச்சிட்டு எண்ணெய் விற்போர் பெருகிவிட்டனர். அந்நபிமொழியில் எனக்கு நம்பிக்கை உண்டு. 'இன்சுலினை நிறுத்து' என்று அதில் எங்கும் இல்லை. இரமலான் மாதத்தில் சிலர் தாமாகவே மாத்திரையை விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கியும் நோன்பைத் துறக்க மறுக்கின்றனர். நோயாளிக்கு இறைவேதமே சலுகை அளித்திருக்கிறது. மாதப் பிறப்பிற்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு நோன்பு நோற்கலாமா, மருந்து வேளையை எவ்வாறு மாற்றுவது என்று கேட்டறிதல் நன்று. அளவு 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. விரல் நுனியில் குருதி எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது.

'அப்படியானால் இந்நோய் தீரவே தீராதா?' என்று கேட்போர்க்கு ஒளிவுமறைவற்ற விடை ஒன்று உண்டு. 2017இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வில், நோய் கண்டு ஆறாண்டுக்கு மேற்படாதோர் மருத்துவர் மேற்பார்வையில் உணவை மிகக் குறைத்து உடல் எடையைக் கணிசமாக இறக்கினர். ஓராண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் மருந்தின்றியே நீரிழிவின் எல்லைக்குக் கீழே இருந்தனர். ஆய்வாளர்கள் இதனைக் 'குணம்' என்னவில்லை. 'தணிவு' என்னும் பொருள்படும் சொல்லையே ஆண்டனர். எடை திரும்பினால் நோயும் திரும்பும் என்பதே காரணம். தணிவு என்றெழுத வேண்டிய இடத்தில் குணம் என்றெழுதுவது ஒரு சொல் மாற்றம்தான். அந்த ஒரு சொல்லின் விலை நான்காயிரம் ரூபாய். நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைக் கொண்டு மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய ஆய்வும் இவ்வழியினதே. உணவையும் நடையையும் சீர்ப்படுத்திக்கொண்டோரிடம் நீரிழிவு தோன்றுவது 28 விழுக்காட்டிற்குச் சற்று மேல் குறைந்தது. நடப்பதற்கு எவரும் துண்டறிக்கை அடிப்பதில்லை. இரவுப் பணியும் வேளைதவறிய உணவுமாக உழலும் தொழிற்பேட்டை இளைஞனுக்கு நடப்பதற்கு நேரமும் இடமும் எங்கே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆலை நடத்துவோர் விடை சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

மாமா இப்போது அரசின் மாத்திரையையே உண்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ்ச் சுகாதாரத் தன்னார்வலரான பெண் ஒருவர் வீட்டிற்கே வந்து மாத்திரைகளைத் தருகிறார். மாமா எம்.சி.ஆர். செருப்பின்றி வீட்டிற்குள்ளும் நடப்பதில்லை. இரவில் படுக்குமுன் மாமி ஒரு கைக்கண்ணாடியை அவர் உள்ளங்காலுக்கு நேரே பிடித்துக் காட்டுகிறார்.

அச்சக நண்பர் சென்ற மாதம் மீண்டும் ஒரு மெய்ப்புத் தாளை அனுப்பினார், இம்முறை மூட்டுவலிக்கு. காரணத்தை எழுதித் திருத்தாமலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரங்களுக்குப்பின் அத்துண்டறிக்கை நாளிதழோடு என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.